திருவலகும் விளக்குமாறும்

திருவாரூரில் பூஜைச் சாமான் கடை வைத்து எனக்கு முப்பத்தோரு வருஷம் ஆகிறது. சூடம், சாம்பிராணி, திரி, விபூதி, பன்னீர், அகல், அபிஷேகப் பொடி என்று சாமிக்கு ஆகிற எதுவும் கடையில் இருக்கும். மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை மட்டும் கல்லாவை மகனிடம் விட்டுவிட்டு உழவாரப் பணிக்குப் போய்விடுவேன். எங்கள் குழுவில் இருபது பேர் தேறுவோம். டைலர் ஒருவர், ஓய்வுபெற்ற வி.ஏ.ஓ. ஒருவர், இரண்டு டீச்சர்கள், கல்லூரிப் பையன்கள் நாலைந்து பேர், மற்றவர்கள் என்னைப் போலக் கடைக்காரர்கள். வேன் பிடித்து, ஆள் நடமாட்டம் குறைந்த சிவன் கோயில் ஒன்றுக்குப் போவோம். மதில்மேல் முளைத்த ஆலங்கன்றைப் பிடுங்கி, பிராகாரத்துப் புல்லைச் செதுக்கி, விளக்கு மாடத்து எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டி எடுப்போம். மத்தியானம் எல்லோரும் ஒரே பந்தியில் சாம்பார் சாதம் சாப்பிட்டு, ஒரு பதிகம் பாடிவிட்டு வீடு திரும்பினால் அன்று ராத்திரி வருகிற தூக்கமே தனி.

போன ஆவணியில் ஒரு சின்ன ஊரின் நடுவில் இருக்கும் கோயிலுக்குப் போனோம். ஊர்ப் பெயர் இங்கே தேவையில்லை. காலை ஆறு மணிக்குத் தொடங்கியது, முடிக்க ஒரு மணி ஆகிவிட்டது. பதினோரு சாக்குக் குப்பை சேர்ந்தது. வாயைக் கட்டி, கோயில் வாசலுக்கு வெளியே தெருவோரமாக வரிசையாக அடுக்கினோம். உள்ளே கருங்கல் தரை ஈரத்தோடு மின்னியது. சாமியே மூச்சு விட்டது மாதிரி இருக்கிறது என்று டைலர் சொன்னார். வேன் கிளம்பிக் கொஞ்ச தூரம் போன பிறகுதான் கடப்பாரையை மடைப்பள்ளிச் சுவரோரம் விட்டுவிட்டு வந்தது ஞாபகம் வந்தது. நான் மட்டும் இறங்கித் திரும்பி நடந்தேன்.

வாசலில் ஒரு அம்மா எங்கள் சாக்குகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். நாற்பது வயது இருக்கும். புடவைக்கு மேலே பச்சைக் கோட்டு, தலையில் சுற்றிய துண்டு, பக்கத்தில் தள்ளுவண்டி. மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று தரம் பிரிக்காமல் கொண்டுபோய்க் கொட்ட முடியாது என்பதால் ஒவ்வொரு சாக்காகக் கவிழ்த்துக் கையால் கிளறினார். மூன்றாவது சாக்கில் 'ஸ்' என்று கையை உதறினார். கட்டைவிரலுக்குக் கீழே சதை பிளந்து ரத்தம் கொட்டியது. உடைந்த பன்னீர் பாட்டில் ஒன்றின் கழுத்துப் பகுதி, வாடிய அரளிமாலைக்கு உள்ளே ஒளிந்திருந்திருக்கிறது. எடுத்துப் பார்த்தேன். மஞ்சள் லேபிள். என் கடையில் நான் விற்கிற அதே சரக்கு.

தோள்துண்டைக் கிழித்துக் கட்டப் போனேன். அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஐயா, நீங்கதானே உள்ள வேல பாத்தவங்க? சாமிக்குச் சுத்தம் பண்ணிட்டீங்க. எனக்கு என்னத்தக் கட்டி வச்சிட்டுப் போறீங்கன்னு பாத்தீங்களா?" என்றார். குரலில் கோபம் இல்லை. மழை வரும் போலிருக்கிறது என்று சொல்கிற குரல்.

"கிணத்தடிக்கு வாங்கம்மா, கையைக் கழுவிக்கலாம்" என்று கோயிலுக்குள்ளே கை காட்டினேன். அவர் வாசற்படியைப் பார்த்தார். ஏறவில்லை. "இங்கயே ஊத்துங்கய்யா" என்றார். நான் உள்ளே போய் வாளியில் தண்ணீர் மொண்டுவந்து தெருவில் நின்று ஊற்றினேன். காலையில் நாங்கள் கழுவிவிட்ட படி அது.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆதீனம் ஒன்றின் சித்தாந்த வகுப்பில் இரண்டு வருஷம் படித்தவன் நான். அதனால் என் மனசு இந்த விஷயத்தைச் சாத்திரத்தின் வழியாகத்தான் நெருங்கியது. சைவத்தில் சாதனை நான்கு: சரியை, கிரியை, யோகம், ஞானம். முதற்படி சரியை. தாசமார்க்கம் என்றும் சொல்வார்கள். கோயிலை அலகிடுவது, மெழுகுவது, பூப்பறிப்பது, மாலை கட்டுவது, விளக்கேற்றுவது, நந்தவனம் வைப்பது, அடியாருக்குப் பணிசெய்வது எல்லாம் இதில் அடக்கம். 13-ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் இதை வகுத்துச் சொன்னார். அதற்குப் பல நூற்றாண்டு முன்பே அப்பர் பெருமான் கையில் உழவாரத்தோடு ஊர் ஊராக நடந்திருக்கிறார். அவருடைய அக்கா திலகவதியார் திருவதிகையில் செய்ததும் அலகிடுவதும் மெழுகுவதும்தான். தம்பியைச் சைவத்துக்குத் திரும்பக் கொண்டுவந்தது அந்தத் துடைப்பமும் சாணமும் என்று சொன்னால் தப்பில்லை.

என்னைக் குடைந்த கேள்வி இது: சரியைக்கு மதில் உண்டா? மதிலுக்கு உள்ளே குனிந்து பெருக்கினால் அது சிவபுண்ணியம். அதே குப்பையை மதிலுக்கு வெளியே இன்னொருத்தர் அள்ளினால் அது என்ன?

நம்முடைய மொழியே இந்தக் கேள்வியை ஒளித்து வைத்திருக்கிறது. கோயிலைப் பெருக்கும் துடைப்பத்துக்குத் தமிழ் 'திருவலகு' என்று பேர் வைத்திருக்கிறது. சாணம் மெழுகுவது 'திருமெழுக்கு'. ஈர்க்குச்சிக் கட்டுக்கும் சாணிக்கும் 'திரு' போட்டு அழைத்த மொழி வேறு எங்காவது இருக்குமா, தெரியவில்லை. ஆனால் அதே ஈர்க்குச்சிக் கட்டு வாசலைத் தாண்டியதும் விளக்குமாறு ஆகிவிடுகிறது. விளக்குமாறு எங்கள் பக்கத்தில் ஒரு வசவு. கட்டியவரும் ஒருவர், ஈர்க்கும் ஒரே தென்னையின் ஈர்க்கு. பிடித்திருக்கும் கையைப் பார்த்துத்தான் 'திரு' வந்து ஒட்டுகிறது, அல்லது உதிர்ந்து விடுகிறது.

இந்த விஷயத்தில் திருவாரூர்க்காரனுக்குச் சாக்குச் சொல்ல இடமே கிடையாது. காரணம், இந்த ஊருக்கு ஏற்கெனவே பதில் சொல்லப்பட்டுவிட்டது.

நமிநந்தியடிகள் கதை பெரியபுராணம் படித்தவர்களுக்குத் தெரியும். கோயில் விளக்குக்கு எண்ணெய் கிடைக்காதபோது குளத்துத் தண்ணீரை ஊற்றி எரித்தவர் என்று எல்லோரும் சொல்வார்கள். அந்த அற்புதத்தைவிட எனக்கு முக்கியம் அதற்குப் பின்னால் வருவது. திருவிழாவில் ஒருநாள் பெருமான் திருமணலிக்கு எழுந்தருளுகிறார். ஊர்ச் சனம் எல்லாம் கூடவே போகிறது. நமிநந்தியும் போய்வருகிறார். வீட்டுக்கு வந்தவர், எல்லாச் சாதி ஆட்களோடும் கலந்து நடந்ததால் தீட்டாகிவிட்டது, குளித்த பிறகுதான் பூஜைக்கு உள்ளே போவேன் என்று வெளியிலேயே படுத்துவிடுகிறார். கனவில் பெருமான் வந்து, ஆரூரில் பிறந்தவர் எல்லோரும் நம்முடைய கணங்கள், நாளை வந்து பார் என்று சொல்லிவிட்டு மறைகிறார். மறுநாள் ஊருக்குள் வந்து பார்த்தால் தெருவில் நடமாடும் ஒவ்வொருவரும் சிவரூபமாகத் தெரிகிறார்கள். நமிநந்தி விழுந்து கும்பிடுகிறார். ஏமப்பேறூரில் இருந்தவர், பிறகு குடியையே திருவாரூருக்கு மாற்றிக்கொண்டார்.

சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் தனியடியார்களோடு தொகையடியார் ஒன்பது கூட்டத்தையும் வணங்குகிறார். அதில் ஒரு கூட்டத்துக்குப் பெயர் 'திருவாரூர்ப் பிறந்தார்'. தீட்சை கேட்கவில்லை, படிப்புக் கேட்கவில்லை, குலம் கேட்கவில்லை. பிறந்திருந்தால் போதும். அப்படியானால் விடிகாலை நான்கரை மணிக்கு எங்கள் தெருவைக் கூட்டுகிற, இந்த ஊர் ஆஸ்பத்திரியில் பிறந்த தூய்மைப் பணியாளரும் சுந்தரர் கும்பிட்ட பட்டியலில் இருக்கிறார். தினம் அவரைத் தாண்டிக் கோயிலுக்குப் போய், சுவரில் எழுதிய திருத்தொண்டத்தொகையை நான் வாசித்திருக்கிறேன்.

இன்னொரு கதை இதைவிட நேராகப் பேசும். திருவாரூர் மாவட்டத்தில் அம்பர் மாகாளம் என்கிற திருமாகாளத்தில் வைகாசி ஆயில்யத்தன்று ஒரு விழா நடக்கிறது. சோமாசிமாற நாயனார் சோமயாகம் செய்கிறார். அதற்குத் திருவாரூர்த் தியாகராஜரே நேரில் வரவேண்டும் என்று ஆசை. பெருமான் வருகிறார். புலையர் வேஷத்தில், செத்த கன்றுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, பறையோடு வருகிறார். நான்கு வேதமும் நான்கு நாய்களாகக் கூட வருகின்றன. அம்பாள் தலையில் கள்ளுக் குடம். யாகம் தீட்டுப்பட்டுவிட்டது என்று மற்ற அந்தணர்கள் ஓடிவிடுகிறார்கள். நாயனார் மட்டும் நிற்கிறார். வந்தது யார் என்று அவருக்குத் தெரிகிறது.

பெருமான் எத்தனையோ வேஷத்தில் வந்திருக்கலாம். பிச்சைக்காரராக, வேடனாக, சிவயோகியாக வந்த கதைகள் நிறைய இருக்கின்றன. இங்கே தேர்ந்தெடுத்தது, ஊரில் செத்த மாட்டைத் தூக்கிப் போகிற ஆளின் வேஷம். இன்று அந்த வேலையைச் செய்கிறவர் யார்? தெருவில் நாய் அடிபட்டுக் கிடந்தால் நகராட்சிக்குப் போன் செய்கிறோமே, வந்து தூக்கிப் போடுகிறவர் யார்? விழாவுக்கு நான் பத்து வருஷமாவது போயிருப்பேன். கன்றைத் தோளில் சுமந்த பெருமானைக் கன்னத்தில் போட்டுக் கும்பிட்டிருக்கிறேன். அந்த அம்மா வாசற்படி ஏறத் தயங்கி நின்றபோது இந்தக் கதை எனக்கு ஞாபகம் வரவில்லை. பாதி ராத்திரியில்தான் வந்தது.

வகுப்பில் எங்களுக்குப் பாடம் சொன்ன ஐயாவிடம் போய்க் கேட்டேன். எண்பதைத் தாண்டியவர். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னது: "சரியைங்கிறது செயல்ல இல்லப்பா, பாவனையில இருக்கு. சிவனுக்கு அடிமைன்னு நெனச்சுச் செஞ்சாத்தான் அது சரியை. சம்பளத்துக்குப் பெருக்கறது தொழில். ரெண்டையும் ஒண்ணாக் கொழப்பாத."

அவர் சொன்னதில் பாதி சரி. அந்தப் பாதி எனக்கு மிகவும் உதவியது. அதுவரை நான், தெருவைக் கூட்டுவதும் சிவத்தொண்டுதான், அந்த அம்மாவைக் கூப்பிட்டு ஒரு பொன்னாடை போர்த்திவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது எவ்வளவு பெரிய தப்பு என்று ஐயாவின் பேச்சுக்குப் பிறகுதான் உறைத்தது. தொண்டு என்பது விரும்பி எடுத்துக்கொள்வது. உழவாரத்தை அப்பர் தாமாக எடுத்தார். என்னை யாரும் வேனில் ஏற்றிவிடவில்லை. வேண்டாம் என்றால் அடுத்த மாதம் நான் போகாமல் இருக்கலாம். அந்த அம்மாவுக்கு அந்த வசதி இல்லை. இந்த வேலை தலைமுறை தலைமுறையாக இன்ன சாதியின் தலையில் என்று கட்டி வைத்த நாடு இது. மலக்குழியில் மனிதனை இறக்கக் கூடாது என்று 2013-இல் சட்டம் போட்ட பிறகும் இறக்குகிறோம், சாகிறார்கள். அந்த வேலைக்குப் போய்த் தொண்டு என்றும் புண்ணியம் என்றும் பேர் சூட்டினால், கூலியைக் குறைக்கவும் கையுறை கொடுக்காமல் இருக்கவும் நாமே காரணம் எழுதிக் கொடுத்தது மாதிரி ஆகும். அவர் செய்வது தொழில். அதற்கு நேரத்துக்குச் சம்பளம், கையுறை, பூட்ஸ், லீவு, மரியாதை எல்லாம் வரவேண்டும். புண்ணியம் என்ற சொல்லை அவர் தட்டில் போடக்கூடாது.

ஐயா சொன்னதில் எனக்கு ஒப்பாத பாதி, சரியை கோயிலோடு நின்றுவிடுகிறது என்பது. தொண்டு செய்ய வேண்டிய கடன் அவருக்கு இல்லை, எனக்குத்தான் இருக்கிறது. நான் பெருக்கிய குப்பை இன்னொரு கையை அறுக்கும் என்றால் என் சரியை முடியவில்லை. அழுக்கை ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு, என் கண்ணிலிருந்து இன்னொருவர் கைக்கு, மாற்றியிருக்கிறேன். சுத்தம் அல்ல அது, இடமாற்றம். அந்தப் பதினோரு சாக்கையும் யாருக்கும் கெடுதல் இல்லாமல் மண்ணிலோ மறுபயனிலோ சேர்த்த பிறகுதான் நான் கையைக் கழுவியிருக்க வேண்டும். பாவனை முக்கியம் என்பதை ஏற்கிறேன். அந்தப் பாவனை சாக்கைக் கட்டும்போதும் இருக்க வேண்டும் என்கிறேன்.

இதற்கு எங்கள் ஊரிலேயே ஒரு நாயனார் சாட்சி இருக்கிறார். தண்டியடிகள். பிறவியிலேயே கண் தெரியாதவர். திருவாரூர்க் கோயிலுக்கு மேற்கே இருக்கும் கமலாலயம் அந்தக் காலத்தில் தூர்ந்து குறுகிக் கிடந்தது. குளத்துக்குள்ளே ஒரு கம்பு, கரையில் ஒரு கம்பு நட்டு, நடுவில் கயிறு கட்டி, அந்தக் கயிற்றைத் தடவிக்கொண்டே இறங்கி மண்ணை வெட்டி, கூடையில் அள்ளி, கயிற்றைப் பிடித்துக்கொண்டே ஏறிக் கரையில் கொட்டினார். நாயன்மார் வரிசையில் அவருக்கு இடம் கிடைத்தது பாட்டுக்காக அல்ல, பூஜைக்காகவும் அல்ல. தூர் வாரியதற்காக. கோயில், குளம் இரண்டும் ஐந்தைந்து வேலி என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். ஐந்து வேலி என்றால் 33 ஏக்கர். கண் தெரியாத ஒரு மனிதர் ஒரு கூடையோடு அதில் இறங்கியிருக்கிறார்.

அந்தக் கதையில் சமணர்களோடு ஒரு சண்டையும் உண்டு. மண்ணை வெட்டினால் சிற்றுயிர்கள் சாகும், வெட்டாதே என்று அவர்கள் தடுத்தார்கள் என்று புராணம் சொல்கிறது. அந்தக் காலத்துச் சமயப் பகையை நான் இன்று சுமக்கத் தயாரில்லை. அவர்கள் கேட்ட கேள்வி மட்டும் தள்ளிவிடக் கூடியது அல்ல என்று நினைக்கிறேன். நாம் செய்கிற நல்ல காரியத்தால் எந்த உயிருக்கு அடி விழுகிறது என்று கேட்பது சிவனுக்கு விரோதமான கேள்வி ஆகாது. என் பன்னீர் பாட்டில் விஷயத்தில் அதே கேள்வியைத்தான் அந்த அம்மா கேட்டார்.

அடுத்த மாதத்திலிருந்து எங்கள் குழுவில் செய்த மாற்றங்களைச் சொல்கிறேன். பெரிய காரியம் எதுவும் இல்லை.

முதலில் சாக்கைப் பிரித்துப் பார்த்தோம். கோயில் குப்பையில் எடை பிடிப்பது பூவும் இலையும்தான். நிர்மாலியத்தை மிதிக்கக் கூடாது என்பது விதி. சிவனுக்குச் சாத்திய மாலையும் நிவேதனமும் சண்டேசுரருக்கு உரியவை. அதனால்தான் அவர் சந்நிதியில் கையைத் தட்டி, எதையும் எடுத்துப் போகவில்லை என்று காட்டிவிட்டு வருகிறோம். அப்படிப்பட்ட நிர்மாலியத்தைப் பிளாஸ்டிக் கவரில் கட்டிக் குப்பை லாரியில் ஏற்றினால் அது எதோடு எல்லாம் கலக்கிறது, யார் காலில் எல்லாம் மிதிபடுகிறது? ஆற்றில் விட்டால் அழுகி நாறுகிறது. குருக்களிடம் இதைச் சொல்லிக் கேட்டோம். நந்தவனத்து மண்ணில் சேர்த்தால் தோஷம் இல்லை, பூவாகத் திரும்பச் சாமிக்கே வரட்டும் என்றார்.

நந்தவன மூலையில் ஓட்டை போட்ட இரண்டு சிமெண்ட் உறை இறக்கினோம். முதல் தடவை பூவை மட்டும் கொட்டினோம். ஒரே வாரத்தில் கூழாகி, கிட்டே போக முடியாத நாற்றம். வி.ஏ.ஓ. அண்ணன் விவசாயி வீட்டுப் பிள்ளை. "ஈரமாவே போட்டா காத்து எப்படிய்யா போகும்? சருகு போடுங்க" என்றார். அதன் பிறகு ஒரு சாண் பூவுக்கு மேலே ஒரு சாண் காய்ந்த சருகு, அதற்கு மேலே கரைத்த சாணித் தண்ணீர், வாரம் ஒருமுறை கிளறல் என்று வைத்தோம். நாற்றம் போயிற்று. கையை உள்ளே விட்டால் சூடு தெரிந்தது. இரண்டு மாதத்தில் கறுப்பாக, பொலபொலவென்று, மழை பெய்த மண் வாசனையோடு உரம் வந்தது. அதில் இப்போது செவ்வரளியும் நந்தியாவட்டையும் நிற்கின்றன.

மாலை விஷயத்தில் ஒன்று கவனியுங்கள். வாழைநாரில் கட்டிய மாலை அப்படியே மக்கிவிடும். நைலான் நூலில் கட்டி, ஜிகினாவும் தெர்மாகோல் உருண்டையும் வைத்த மாலை மக்காது. உரக்குழியில் நாங்கள் உட்கார்ந்து பிரித்ததில் பாதி நேரம் அந்த நூலை உருவுவதற்கே போனது. பூக்கட்டும் அக்காமார்களிடம் நாரில் கட்டித் தரச் சொல்லிக் கேட்டால் தருகிறார்கள். கேட்பார் இல்லாததால்தான் நைலான் வந்தது.

கடையில் இன்னொரு மாற்றம் செய்தேன். 2019 ஜனவரி 1 முதல் நம் மாநிலத்தில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் கவர், தண்ணீர் பாக்கெட், ஸ்ட்ரா, பிளாஸ்டிக் பூசிய கப் எல்லாம் தடை. தடை வந்த பிறகும் கவர் கேட்கிறவர்களுக்கு நான் கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன். அர்ச்சனைத் தட்டுச் சாமானை இப்போது காகிதத்தில் மடித்துத் தருகிறேன். துணிப்பை கொண்டுவருகிறவர்களுக்குச் சூடம் ஒரு கட்டி கூட வைக்கிறேன். இரண்டு பேர் கோபித்துக்கொண்டு எதிர்க் கடைக்குப் போனார்கள். போகட்டும்.

கண்ணாடி, பிளேடு, ஊசி, உடைந்த வளையல் எதுவானாலும் எங்கள் குழு இப்போது தனியே ஒரு தகர டப்பாவில் போட்டு மூடி, மேலே சிவப்புப் பெயிண்டில் 'கண்ணாடி' என்று எழுதி, பணியாளர் கையிலேயே சொல்லிக் கொடுக்கிறது. வீட்டுக்கும் இதே முறைதான். 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகளே வீட்டில் மூன்றாகப் பிரிக்கச் சொல்லியிருந்தன: ஈரக் குப்பை, உலர் குப்பை, பிறருக்கு ஆபத்தானவை. அந்தப் பிரிப்பில்தான் நாம் தவறுகிறோம். நாப்கினையும் குழந்தை டயப்பரையும் ஊசியையும் சாதத்தோடு சேர்த்துக் கட்டுகிறோம். பழைய செய்தித்தாளில் சுற்றித் தனியே கொடுக்க அரை நிமிஷம் ஆகும். என் வீட்டில் அந்த அரை நிமிஷத்தை நான்தான் செலவழிக்கிறேன், மருமகளிடம் விடவில்லை.

பங்குனியில் ஆழித்தேர் ஓடும்போது ஊருக்குள் லட்சக்கணக்கில் சனம் நிற்கும். அலங்காரத்தோடு 96 அடி உயரத் தேர், வடத்தை இழுக்க ஆயிரம் கை. நாலு வீதியிலும் நீர்மோர்ப் பந்தல், அன்னதானப் பந்தல். தேர் ஒரு வீதியைத் தாண்டியதும் பின்னால் திரும்பிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தரை தெரியாமல் கப்பும் தட்டும் கிடக்கும். சாமிக்குப் பின்னாலேயே துடைப்பத்தோடு பணியாளர்கள் நடந்து வருவார்கள். தேருக்கு முன்னால் நிற்பவனுக்கு அவர்கள் தெரியமாட்டார்கள். இந்த வருஷம் எங்கள் பந்தலில் இருநூறு எவர்சில்வர் டம்ளர் வாடகைக்கு எடுத்தோம். கழுவ இரண்டு தொட்டி, இரண்டு ஷிப்டாக எட்டுப் பேர். சாதத்துக்கு வாழை இலைத் துண்டு. எங்கள் பந்தல் வாசலில் மட்டும் அன்று சாயங்காலம் தரை தெரிந்தது. கழுவும் வேலைதான் அன்றைக்கு மிகவும் கடினமான தொண்டு. பந்தியில் பரிமாறப் போட்டி போட்ட பையன்கள் கழுவ வரத் தயங்கினார்கள். ஒரு டீச்சர் புடவையைச் செருகிக்கொண்டு முதலில் உட்கார்ந்த பிறகு வந்தார்கள்.

ஜூன் 12 மேட்டூர் திறந்து, சில நாள் கழித்து எங்கள் பக்கத்து வாய்க்காலுக்குத் தண்ணீர் வரும்போது பார்த்திருக்கிறீர்களா? சின்ன வயதில் வாய்க்காலுக்கு ஓடிப்போய், புதுத் தண்ணீரைப் பூப்போட்டுக் கும்பிடுவோம். இப்போது தண்ணீருக்கு முன்னால் நுரையோடு உருண்டு வருவது பாட்டிலும் பால் கவரும் அறுந்த செருப்பும். ஒரு வருஷம் முழுக்க நாம் போட்டதை எல்லாம் காவிரி நமக்கே கொண்டுவந்து காட்டுகிறது. சிவன் சொத்து குலநாசம் என்று கோயில் நிலத்தைத் தொடப் பயப்படுகிறோம். கோயில் குளத்துக்கு வரும் வாய்க்கால் யார் சொத்து?

மனுநீதிச் சோழன் கதை இந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். இளவரசன் தேரில் அடிபட்டுக் கன்று செத்தது, பசு மணியை அடித்தது, அரசன் தன் மகனையே தேர்க்காலில் இட்டான். ஆட்சியர் மனு வாங்கும் முகாமுக்கு மனுநீதி நாள் என்று பேர் வைத்ததே அதனால்தான். கன்று செத்தது போர்க்களத்தில் அல்ல, ஊர்த் தெருவில். இந்த ஊரின் முதல் மனுவே தெருவில் நடந்த விபத்தைப் பற்றியது. தெரு விளக்கு எரியவில்லை, சாக்கடை அடைத்துவிட்டது என்று நாம் மனு எழுதுகிறோம், எழுதவும் வேண்டும். அந்த மணிக் கயிற்றை அந்த அம்மா வந்து இழுத்தால், மனுவில் எதிர்த்தரப்பு என்று யார் பேர் இருக்கும்? போன ஆவணியில் என் பேர்தான் இருந்திருக்கும்.

கை ஆறிய பிறகு அந்த அம்மாவை ஒருமுறை பார்த்தேன். நாங்கள் திரும்ப அந்தக் கோயிலுக்குப் போயிருந்தோம். இந்தத் தடவை சாக்கு இரண்டே இரண்டு. ஒன்றில் உலர் குப்பை, ஒன்றில் துணி. தகர டப்பாவைக் கையில் கொடுத்து, உள்ளே கண்ணாடி இருக்கிறதம்மா என்றேன். ஆட்டிப் பார்த்துவிட்டு வண்டியில் வைத்தார். சாப்பிட வாருங்கள், பந்தி போட்டிருக்கிறோம் என்று கூப்பிட்டேன். "வண்டி நிக்குதுய்யா" என்றார். வண்டியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று டீச்சர் வந்து கையைப் பிடித்தார். அன்று அவர் படி ஏறினார். என் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிட்டார். எங்களில் இரண்டு பேர் அன்று சாப்பிடாமல் எழுந்து போனார்கள், அடுத்த மாதம் வரவில்லை. அதற்கடுத்த மாதம் ஒருவர் திரும்ப வந்தார். இன்னொருவருக்காகக் காத்திருக்கிறோம்.

பன்னீர் பாட்டில் வாங்குகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அபிஷேகம் முடிந்ததும் காலி பாட்டிலைப் பூவோடு போடாதீர்கள், உடைக்காதீர்கள். கழுவி, மூடி போட்டு, வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். என் கடையில் வாங்கிக்கொள்கிறேன், பாட்டிலுக்கு ஒரு ரூபாய் தருகிறேன். உங்கள் ஊர்க் கடைக்காரர் வாங்க மறுத்தால், ஏன் என்று ஒரு தடவை கேளுங்கள்.